“அந்த நீலப் பட்டன்” எது? இணையப் பக்கத்தில் இருப்பதை ஆளுக்கும் ஏ.ஐ.க்கும் விளங்கச் சொல்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துக் கொமினிகேஷன் கடைகளிலும் பாடசாலைக் கணினி அறைகளிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை, தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போனில் வழிகாட்டும்போதும் இவைதான் வரும். இப்போது ஏ.ஐ. உதவியாளரிடம் பேசும்போதும் அதே இடத்தில்தான் இடறுகிறது. முதலில் ஆளுக்கு ஆள் சொல்வது, பிறகு ஏ.ஐ., கடைசியில் தளம் கட்டுவோருக்கானது.

1. தம்பி கொழும்புல இருந்து “அந்த நீலப் பட்டனை அமுக்குங்க”ன்னு சொல்றான். நீலத்துல மூணு இருக்கு. எதுன்னு எப்படிக் கேக்குறது?

“அதுல என்னப்பா எழுதியிருக்கு?” என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். மீதிக்கு, அது என்ன வகை, எங்கே இருக்கிறது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று வரிசையாகப் போகலாம். “படிவத்தோட அடியில, ‘நெக்ஸ்ட்’னு எழுதின பட்டன், இப்ப மங்கலா இருக்கு” என்று சொன்னால் கேட்பவர் எந்த மூலையில் இருந்தாலும் பிடித்துக்கொள்வார்.

நிறத்தைக் கடைசியில் வையுங்கள். போனில் இருட்டுத் தோற்றம் போட்டிருந்தால் நிறம் வேறாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களும் இருக்கிறார்கள். டபிள்யூ.சி.ஏ.ஜி. எனப்படும், மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த உதவும் இணைய அணுகல் வழிகாட்டியின் 1.3.3ஆம் விதியும் வடிவம், நிறம், அளவு, இடம் போன்றவற்றை மட்டும் நம்பி அறிவுறுத்தல் எழுதக் கூடாது என்றுதான் சொல்கிறது. “மட்டும்” என்பதைக் கவனியுங்கள். எழுத்தைச் சொல்லிவிட்டு நிறத்தையும் சேர்ப்பதில் குற்றம் இல்லை.

2. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. எழுதியிருக்கிறதை எப்படிச் சொல்லுவேன்?

எத்தனை எழுத்து, முதல் எழுத்து எப்படி இருக்கிறது என்று சொன்னாலே மறுமுனையில் இருப்பவர் ஊகித்துவிடுவார். அதைவிட நல்லது, திரையைப் படம் பிடித்து, போனிலேயே விரலால் ஒரு வட்டம் போட்டு வட்ஸ்அப்பில் அனுப்புவது. பெரும்பாலான அன்ட்ரோயிட் போன்களில் பவர் பட்டனையும் ஒலி குறைக்கும் பட்டனையும் ஒன்றாக அமுக்கினால் படம் விழும். அனுப்புவதற்கு முன் கேள்வி 10ஐப் பாருங்கள்.

அரசாங்கத் தளங்கள் பலவற்றில் மேல் ஓரத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மாற்ற இடம் இருக்கும். ஆனால் படிவத்தைப் பாதி நிரப்பிய பிறகு மொழியை மாற்றாதீர்கள். சில தளங்கள் முகப்புக்குத் தூக்கிப் போட்டுவிடும், நிரப்பியது போய்விடும். முதல் வேலையாக மொழி, அதன் பிறகு படிவம்.

3. பட்டன், லிங்க், டேப், டிக் பெட்டி... எல்லாமே அமுக்குறதுதானே? பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

அமுக்கிய பிறகு நடப்பது வேறு. பட்டன் ஒரு வேலையைச் செய்யும்: அனுப்பும், சேமிக்கும், அழிக்கும். லிங்க் வேறு பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும், ‘பேக்’ போட்டுத் திரும்பி வரலாம். டேப் என்பது அதே பக்கத்தில் ஒரு பகுதியை மறைத்து இன்னொன்றைக் காட்டும். பிரவுசரின் உச்சியில் வரிசையாக நிற்பவற்றுக்கும் டேப் என்றுதான் பெயர். ஆகவே “பக்கத்துக்குள்ள இருக்கிற டேப்” என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சதுரமாக இருக்கும் டிக் பெட்டியில் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். வட்டமாக இருந்தால் ஒன்றுதான். இன்னொன்றைத் தொட்டால் முதலாவது தானாக விடுபடும். “டிக் போட்டேன், முன்னால போட்டது காணாமப் போச்சு” என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை வட்டத்தைச் சதுரம் என்று நினைத்ததால் வருபவை.

கீழ்நோக்கிய சிறு அம்பு தெரிந்தால் அது விரியும் பட்டியல். சிலவற்றில் தட்டச்சுச் செய்து தேடலாம், சிலவற்றில் தெரிவு மட்டும்தான். ரயில் ஆசனம் பதியும்போது நுவரெலியாவைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நகரத்துக்குள் ரயில் நிலையம் கிடையாது, நானுஓயாவைத்தான் தெரிவுசெய்ய வேண்டும். அதனால் பட்டியலைப் பற்றிச் சொல்லும்போது பட்டியலின் பெயரோடு, அதற்குள் உள்ள தெரிவையும் எழுத்து மாறாமல் சொல்லுங்கள்.

எழுதும் பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் வாசகத்தை அதன் பெயராகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஓர் எழுத்து அடித்ததும் அது மறைந்துவிடும். பெட்டிக்கு மேலேயோ இடப்பக்கமோ எழுதியிருக்கும் பெயர்தான் நிலையானது.

4. “மேல வலப்பக்கம் இருக்கு”ன்னு சொன்னேன். அவங்களுக்கு இல்லையாம். பொய்யா சொல்றாங்க?

இல்லை. கணினியில் வலப்பக்கம் விரிந்து நிற்கும் மெனு, போனில் மூன்று கோட்டுக்குள் சுருண்டுவிடும். போனைப் படுக்கையாகத் திருப்பினாலும், எழுத்தைப் பெரிதாக்கினாலும் இடம் மாறும். “மேல” என்பது பக்கத்தின் உச்சியா, இப்போது திரையில் தெரியும் பகுதியின் மேற்புறமா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும்.

தோட்டத்தில் வீடு சொல்லும்போது டிவிஷன், லயம், காம்பரா என்று பெரிதிலிருந்து சிறிதுக்கு வருகிறோம் அல்லவா, அதே ஒழுங்குதான் இங்கேயும். முதலில் எந்தப் பக்கம், பிறகு எந்தத் தலைப்பின் கீழ், பிறகு எந்தப் பட்டன். “‘தொடர்பு விவரம்’ என்ற தலைப்புக்குக் கீழே, போன் இலக்கப் பெட்டிக்கு அடுத்தது” என்று சொன்னால் போனிலும் கணினியிலும் பொருந்தும். திரை அகலம் மாறினாலும் தலைப்பும் அதன் கீழ் உள்ளதும் பெரும்பாலும் சேர்ந்தே நகரும்.

5. எழுத்தே இல்ல, படம் மட்டும் இருக்கு. என்னன்னு சொல்றது?

வடிவத்தைச் சொல்லுங்கள்: மூன்று படுக்கைக் கோடு (மெனு), நிமிர்ந்த மூன்று புள்ளி (மேலும் தெரிவுகள்), பல்சக்கரம் (அமைப்புகள்), பென்சில் (திருத்த), குப்பைத் தொட்டி (அழிக்க). கணினியில் மவுஸை அதன் மேல் சற்று நிறுத்தினால் சில தளங்கள் பெயரைக் காட்டும்.

சிக்னல் மந்தமான இடங்களில் இன்னொரு கூத்து உண்டு. படக்குறிகள் பலவும் தனி எழுத்துருவாக இறங்குபவை. அது இறங்காவிட்டால் குறி இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுச் சதுரமோ, “மெனு” போன்ற ஆங்கிலச் சொல்லோ அப்படியே தெரியும். உங்களுக்குச் சதுரம், அவருக்கு மூன்று கோடு என்றால் இரண்டும் ஒன்றேதான். பக்கத்தை மீண்டும் ஏற்றிப் பாருங்கள்.

6. பட்டன் சாம்பல் நிறத்துல இருக்கு. அமுக்கி அமுக்கிப் பார்த்தாலும் ஒண்ணும் நடக்கல.

பட்டன் பழுதாகவில்லை, இன்னும் திறக்கவில்லை. நட்சத்திரக் குறியிட்ட பெட்டி ஒன்று காலியாக இருக்கலாம், “ஒப்புக்கொள்கிறேன்” என்ற சதுரத்தில் டிக் இல்லாமல் இருக்கலாம், கொடுத்த விவரம் எதிர்பார்த்த வடிவத்தில் இல்லாமலும் இருக்கலாம். அடையாள அட்டை இலக்கம் நல்ல உதாரணம். பழையதில் 9 இலக்கமும் கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ எழுத்தும், புதியதில் 12 இலக்கம். நடுவில் ஓர் இடைவெளி விழுந்தாலும் சில படிவங்கள் ஏற்காது.

உதவி கேட்கும்போது “பட்டன் வேலை செய்யல” என்று மட்டும் சொன்னால் மூன்று பொருள் வரும்: பட்டனே தெரியவில்லை, தெரிகிறது ஆனால் மங்கல், அமுக்குப்படுகிறது ஆனால் பிறகு எதுவும் நடக்கவில்லை. எது என்று சொல்லுங்கள்.

7. சிவப்புல ஏதோ எழுத்து வந்துச்சு. வாசிக்கிறதுக்குள்ள போயிருச்சு.

ஓரத்தில் தோன்றிச் சில செக்கன்களில் மறையும் அறிவிப்பு அது. மறுபடி அதே பட்டனை அமுக்கி, வந்தவுடன் படம் பிடியுங்கள். ஆனால் பணம் கட்டும் பட்டன் என்றால் மறுபடி அமுக்க வேண்டாம், இரண்டு முறை வெட்டுப்படலாம். முதலில் வங்கிச் செய்தி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

8. சாதாரண தரப் பழைய வினாத்தாள் எடுக்கப் போனா, ‘டவுன்லோட்’னு நாலு பட்டன் இருக்கு. எது உண்மை?

பெரிதாக, பச்சையாக, பளிச்சென்று இருப்பது பெரும்பாலும் விளம்பரம். ஓரத்தில் சின்னப் பெருக்கல் குறியோ விளம்பரம் என்ற சிறு எழுத்தோ இருக்கும். உண்மையானதற்குப் பக்கத்தில் ஆண்டு, பாடம், மொழிமூலம் போன்ற விவரம் நிற்கும். கணினியில் மவுஸை மேலே நிறுத்தினால் ஜன்னலின் கீழ் இடது மூலையில் போகுமிடத்தின் முகவரி தெரியும். போனில் நீண்ட நேரம் அமுக்கினால் தெரியும். முகவரி வேறொரு தளத்தைக் காட்டினால் சந்தேகியுங்கள்.

ஒரே பெயரில் பல இருக்கும்போது பிள்ளைகளுக்கு “டவுன்லோட் குடு” என்று சொல்லிவிட வேண்டாம். “‘கணிதம், பகுதி இரண்டு, தமிழ்மொழி மூலம்’னு இருக்கிற வரியில உள்ள டவுன்லோட்” என்று வரியோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

9. ஏ.ஐ.கிட்ட கேட்டா, இல்லாத பட்டனை அமுக்கச் சொல்லுது. அதுக்கு என் திரை தெரியாதா?

பெரும்பாலும் தெரியாது. எழுத்தில் மட்டும் பேசும் உதவியாளர், அந்தத் தளம் எப்படி இருக்கும் என்று தான் கற்றதை வைத்துச் சொல்கிறது. தளம் அதன் பிறகு மாறியிருக்கலாம், அல்லது அது ஊகித்திருக்கலாம். படம் கொடுத்தால் படத்தில் உள்ளதைப் பார்க்கும், திரைக்குக் கீழே இருப்பதைப் பார்க்காது. பிரவுசருக்குள்ளேயே இயங்கும் வகை பெரும்பாலும் பக்கத்தின் உள்ளமைப்பையே வாசிக்கும், தானே அமுக்கவும் செய்யும்.

முதல் வகையிடம் கேட்கும்போது திரையில் இருப்பதை நீங்களே கொடுத்துவிடுங்கள்: “இடப்பக்க மெனுவில் இருப்பவை: ஹோம், அப்ளிகேஷன், ஸ்டேட்டஸ், லொக்-அவுட். இவற்றில் எதை அமுக்க?” இப்படிக் கேட்டால் அது பெரும்பாலும் இந்த நான்குக்குள் நிற்கும்.

10. அப்ப ஸ்கிரீன்ஷொட் அனுப்பிட்டா போதும்தானே?

பாதிதான் போதும். படத்தோடு ஒரு வரி வேண்டும்: என்ன செய்ய வந்தீர்கள், கடைசியாக எதை அமுக்கினீர்கள். ஒரு பட்டனை மட்டும் வெட்டி அனுப்பினால் அது எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது, ஏ.ஐ.க்கும்தான். தலைப்பும் முகவரிப் பட்டையும் தெரியும்படி முழுத் திரையை அனுப்புங்கள். வின்டோஸ் கணினியில் வின்டோஸ் பட்டன், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அமுக்கிப் பகுதியைத் தெரிவுசெய்யலாம்.

அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, ஓ.டி.பி. ஆகியவற்றை மறைத்துவிட்டு அனுப்புங்கள். பேனா அடையாளத்தால் மெல்லியதாகக் கிறுக்கினால் போதாது, அடியில் உள்ளது தெரியும். கெட்டியான கட்டத்தால் மூடுங்கள், அல்லது அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். கடவுச்சொல்லை ஏ.ஐ.யிடம் தட்டச்சுச் செய்து கொடுப்பது எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம்.

11. குரோம்ல பக்கத்தைத் தமிழுக்கு மாத்தி வச்சிருக்கேன். ஏ.ஐ. சொல்ற பேரு என் திரையில இல்லவே இல்ல.

அது சொல்வது மூலப் பக்கத்தின் பெயர். நீங்கள் பார்ப்பது பிரவுசர் மொழிபெயர்த்த பெயர். மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டுப் பாருங்கள், அல்லது “நான் பிரவுசர் மொழிபெயர்ப்பில் பார்க்கிறேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தளமே கொடுக்கும் தமிழ்ப் பக்கமும் பிரவுசர் செய்யும் தமிழும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் நாட்டில் அடிக்கடி வரும் இன்னொரு சிக்கல் பாமினி எழுத்துரு. பழைய தமிழ்ப் பக்கங்களும் சுற்றறிக்கைகளும் அதில் இருந்தால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். கொப்பி செய்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். பக்கத்தின் உள்ளமைப்பை வாசிக்கும் ஏ.ஐ.க்கும் அந்தக் குவியல்தான் கிடைக்கும், “விண்ணப்பம்” என்று தேடினால் அகப்படாது. இப்படிப்பட்ட இடத்தில் எழுத்தைவிடப் படம் அனுப்புவதே மேல். யுனிகோடுத் தமிழில் இந்தத் தொல்லை இல்லை.

12. தானா அமுக்குற ஏ.ஐ.க்கு வேலை சொல்லும்போது எதைக் கவனிக்கணும்?

எங்கே நிற்க வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள். “‘கன்ஃபர்ம்’ என்று எழுதிய பட்டன் வரை போ, அதை அமுக்காதே, நிரப்பியதை எனக்குக் காட்டு.” பணம், விண்ணப்பம் அனுப்புதல், அழித்தல் மூன்றிலும் இந்த வரி கட்டாயம்.

அட்டவணையில் ஒவ்வொரு வரியிலும் ‘எடிட்’ இருந்தால், “மூன்றாவது எடிட்” என்று எண்ணிக்கையில் சொல்வது ஆபத்து. வரிசைப்படுத்தலை மாற்றினாலோ புதிய பதிவு ஒன்று விழுந்தாலோ மூன்றாவது வேறாகிவிடும். கேள்வி 8இல் சொன்னதுபோல வரியை அடையாளம் காட்டுங்கள்: “இடம் ‘மஸ்கெலியா’ என்றும் திகதி 12 என்றும் உள்ள வரியின் எடிட்.” ஒன்றுக்கு மேல் பொருந்தினால் கேட்கச் சொல்லுங்கள். சில கருவிகள் பக்கத்தில் உள்ளவற்றின் மேல் 1, 2, 3 என்று இலக்கம் ஒட்டிக் காட்டும். அந்தப் பக்கம் அப்படியே நிற்கும் வரைதான் அந்த இலக்கம் செல்லும், மறுபடி ஏற்றினால் மாறலாம்.

13. “கேன்சல் பண்ணு”ன்னு சொன்னேன், விண்ணப்பத்தையே ரத்துப் பண்ணிருச்சு!

“விண்ணப்பத்தை ரத்துச் செய்யவா?” என்று பெட்டி வந்து, கீழே ‘ஓகே’, ‘கேன்சல்’ என்று இரண்டு இருந்தால், ‘கேன்சல்’ அமுக்குவது ரத்துச் செய்யாமல் விடுவது. ‘ஓகே’ அமுக்குவதே ரத்து. மனிதருக்கே தலை சுற்றும். ஆகவே இப்படிப்பட்ட இடத்தில் பட்டனின் பெயரை மட்டும் சொல்லாமல் விளைவையும் சொல்லுங்கள்: “விண்ணப்பம் அப்படியே இருக்க வேண்டும், அந்தப் பெட்டியை மட்டும் மூடு.” தளம் கட்டுவோர் ‘ஆம், ரத்துச் செய்’, ‘வேண்டாம், வைத்துக்கொள்’ என்று எழுதினால் இந்தக் கேள்வியே வராது.

14. என் போன்ல திகதி 05/06. அக்கா போன்ல 06/05. யாருது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். பிரவுசரே தரும் திகதிப் பெட்டி, அந்தப் பிரவுசரின் மொழி அமைப்புப்படி நாளை முன்னால் காட்டும் அல்லது மாதத்தை முன்னால் காட்டும். உள்ளே சேமிக்கப்படும் திகதி ஒன்றுதான். போனில் சொல்லும்போது மாதத்தின் பெயரைச் சொல்லுங்கள், ஏ.ஐ.க்கும் “ஜூன் 5” என்று கொடுங்கள்.

15. எஃப்12 போட்டு சிலெக்டர் கொப்பி பண்ணிக் குடுத்தேன். அடுத்த நாள் வேலை செய்யல.

சிலெக்டர் என்பது பக்கத்தின் நிரலில் ஒன்றைச் சுட்டும் முகவரி. எஃப்12 திறக்கும் கருவியில் பிரவுசர் கொப்பி செய்து தருவது பெரும்பாலும் “இதற்குள் இரண்டாவது, அதற்குள் ஐந்தாவது” என்ற நீண்ட சங்கிலி. பக்கத்தின் உச்சியில் ஓர் அறிவிப்புப் பட்டை சேர்ந்தாலே எண்ணிக்கை தவறும். அர்த்தமில்லாத எழுத்துகளால் ஆன கிளாஸ் பெயர்களும் (தோற்றத்துக்காக நிரலில் வைப்பவை) தளத்தை மறுபடி கட்டும்போது மாறக்கூடியவை. மனிதர் வைத்ததுபோன்ற ஐ.டி. (நிரலில் அந்த ஒன்றுக்கு மட்டும் உரிய பெயர்) இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் வகையும் பெயரும்: “‘சமர்ப்பி’ என்ற பெயருள்ள பட்டன்.” சோதனைக்கென்றே தனி அடையாளம் வைக்கும் வழக்கமும் உண்டு, குழுவாக வேலை செய்தால் அது நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும் அகப்படவில்லை என்றால், அது ஐஃபிரேமுக்குள், அதாவது பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கத்துக்குள், இருக்கிறதா என்று பாருங்கள். அட்டை விவரம் கேட்கும் பெட்டி பல தளங்களில் வேறொரு நிறுவனத்தின் பக்கம், இந்தப் பக்கத்துக்குள் பதிக்கப்பட்டது. வெளிப்பக்கத்தில் தேடினால் உள்ளே உள்ளது கிடைக்காது. “பணம் செலுத்தும் ஃபிரேமுக்குள்” என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

16. பாடசாலைக்குத் தளம் கட்டுறோம். ஆளுக்கும் ஏ.ஐ.க்கும் விளங்க என்ன செய்யணும்?

மவுஸை ஒதுக்கிவிட்டு டேப் விசையை மட்டும் அமுக்கிக்கொண்டு போங்கள். ஒரு பட்டனில் நிற்காமல் தாண்டினால், அது பட்டன் போல அலங்கரித்த வெறும் கட்டமாக இருக்கக்கூடும். அதை உண்மையான பட்டனாக மாற்றுங்கள். அடுத்து, பெட்டியின் பெயரை, அதாவது “சுட்டெண்” என்ற எழுத்தையே, தொட்டுப் பாருங்கள். கர்சர் பெட்டிக்குள் போனால் பெயரும் பெட்டியும் இணைக்கப்பட்டிருக்கின்றன. போகாவிட்டால், திரைவாசிப்பான் (பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்) அதைப் பெயரில்லாத பெட்டியாக வாசிக்க வாய்ப்பு உண்டு, பக்கத்தை வாசிக்கும் ஏ.ஐ.யும் தடுமாறும்.

படக்குறி மட்டும் உள்ள பட்டனுக்கு ஏரியா-லேபல், அதாவது திரையில் தெரியாமல் நிரலுக்குள் எழுதும் பெயர், கொடுங்கள். ஆனால் எழுத்து உள்ள பட்டனுக்கு உள்ளே வேறு பெயர் வைக்காதீர்கள். திரையில் “தேடு”, உள்ளே ஆங்கிலத்தில் “சேர்ச்” என்றால், குரலால் இயக்குபவர் “தேடு” என்று சொன்னாலும் எதுவும் நடக்காமல் போகலாம். டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1இல் (2018) வந்த 2.5.3ஆம் விதி இதற்குத்தான். மும்மொழித் தளங்களில் இந்தத் தவறு சர்வசாதாரணம்: கண்ணுக்குத் தெரியும் எழுத்தை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு, தெரியாததை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

17. ‘மியூட்’னு எழுதியிருக்கு. இப்ப சத்தம் வருமா, வராதா?

எழுத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சில பட்டன்கள் அமுக்கினால் நடக்கப்போவதை எழுதுகின்றன, சில இப்போதுள்ள நிலையை எழுதுகின்றன. “மியூட்டை அமுக்கு” என்று சொல்வதைவிட “சத்தம் நிற்க வேண்டும், ஏற்கனவே நின்றிருந்தால் தொடாதே” என்பது ஆளுக்கும் ஏ.ஐ.க்கும் பாதுகாப்பானது. தளம் கட்டுவோர் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்: எழுத்தை நிலையாக வைத்து ஓன், ஓஃப் நிலையை உள்ளே அறிவிக்கலாம், அல்லது நிலையை அறிவிக்காமல் எழுத்தை மாற்றலாம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் திரைவாசிப்பான் “சத்தத்தைத் திற, ஓன்” என்று வாசிக்கும், கேட்பவருக்குச் சத்தம் இருக்கிறதா இல்லையா என்பது கடைசி வரை விளங்காது.